தெற்கில் ஆற்றங்கரை

அந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தாலும் முதலில் அந்தச் சீட்டுதான் கீழே விழும். மூன்று விரல் அகலம், பக்கத்தின் நீளத்துக்குச் சரியாக வெட்டியது. நாலு வரி எழுத்து, அதற்குக் கீழே ஒரு வரிக்கு விட்ட இடம். மொத்தம் முந்நூறு புத்தகம் போட்டோம். கண்ணில் பட்ட எல்லாப் பிரதியிலும் இந்தச் சீட்டு நூற்று நாற்பதாம் பக்கத்தில், ஒரு பெண் தன் வீட்டு வாசலில் நிற்கிற படத்துக்கு அடியில், மைதாப் பசை தடவி ஒட்டியிருக்கும். என்னுடையதில் மட்டும் ஒட்டவில்லை. பசைக்கா பஞ்சம்? இப்போது கடலூரில் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று போர்டு மாட்டிக் கடை வைத்திருக்கிறவள் நான். கடையில் நாலு டப்பா கோந்து இருக்கிறது. ஆனாலும் அது விழுகிறது, மேஜைக்கு அடியில் போகிறது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்து மறுபடி அதே பக்கத்தில் செருகிவைக்கிறேன். கொஞ்ச நாள் சும்மா இருப்பேன். பிறகு கை அரிக்கும், மறுபடி எடுப்பேன்.

புத்தகத்தை எழுதியவரைச் சிதம்பரத்தில் எல்லோரும் ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, பத்திர எழுத்தர். பத்திரம் பதிகிற ஆபீஸ் இருந்த தெருவில் ஒரு கடையின் முன்பாதியில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, சுவரில் ஒரு காலண்டர், பின்பாதியில் கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மிஷினும். அதுதான் அவருடைய ராஜ்ஜியம். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். உறவு ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் உறவில்லாதவரைத்தான் ஜாஸ்தி மாமா என்று கூப்பிடுவோம். உறவுக்கார மாமாக்களோடுதான் பேச்சுவார்த்தை இருக்காதே. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், மூக்கு நுனியில் கோபம், இவ்வளவுதான் என் சொத்து. அவர் கையால் எழுதித் தருவதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. அடித்த தாளை மேஜையில் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் மரஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். தப்பு இருந்தால் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. என் தாளுக்கு அந்தத் தட்டு விழுவது அபூர்வம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரப்போகிற விஷயத்துக்காகச் சொல்கிறேன்.

சுனாமி வந்துபோன மாதத்தில்தான் அவருக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து கொள்ளிடம் வரைக்கும் கேமராவோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வந்த ஒருவர் எங்கள் கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றபோது, “இந்த ஏரியாவுக்கு ஹிஸ்டரின்னு ஏதாவது இருக்கா சார்? கோயிலைத் தவிர?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். மாமாவுக்கு அது தைத்துவிட்டது. கடை சாத்தும் நேரத்தில், “ஏம்மா, முப்பத்தெட்டு வருஷமா வெள்ளாத்தங்கரையில யார் யாருக்கு எங்க எங்க வீடுன்னு எழுதிக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாத ஹிஸ்டரியா?” என்றார். மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, ‘வெள்ளாற்றங்கரை மனிதர்கள்’ என்று அட்டையில் எழுதிவிட்டார்.

அவர் எழுதிய விதம் வேறு யாருக்கும் வராது. பத்திரம் எழுதுகிறவர்களுக்கு மனை என்றால் நான்கெல்லை. கிழக்கில் யார் வீடு, மேற்கில் யார் தோட்டம், தெற்கில் என்ன, வடக்கில் என்ன என்று எழுதாவிட்டால் அது மனையே இல்லை. இவர் மனிதர்களுக்கும் அதையே செய்தார். அக்கரையில் முதன்முதலாக மருந்துக்கடை வைத்த கம்பவுண்டரைப் பற்றி எழுதினால், அவர் பிறந்தது, படித்தது, அம்மைக்கு ஊசி போட்டது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி முடிப்பார்: கிழக்கில் பள்ளிவாசல் தென்னந்தோப்பு. மேற்கில் இவரிடம் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்ற சொந்த அண்ணன் வீடு. தெற்கில் ஆறு. வடக்கில் கடன் சொல்லி மருந்து வாங்கியவர்களின் தெரு. சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த நாலு வரியில் மனுஷன் அப்படியே எழுந்து நிற்பான். கப்பலில் சமையல் செய்த பரங்கிப்பேட்டைக்காரர், முதலில் பஸ் ஓட்டியவர், பிரசவம் பார்த்த நர்ஸ் என்று அறுபத்துச் சொச்சம் பேர். நான் அடிக்க அடிக்கச் சிரித்திருக்கிறேன், ஒன்றிரண்டுக்கு அழுதும் இருக்கிறேன்.

ஒரு குறை. ஆற்றைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர் ஆற்றுப் பக்கம் போகமாட்டார். முட்டி வலி என்பார். உண்மை அதுவல்ல, அவருக்கு நேரில் பார்ப்பதில் நம்பிக்கை கிடையாது. “பாத்தேன்னு சொல்றவன் மாத்திச் சொல்லுவான். பத்திரம் மாத்திச் சொல்லாது” என்பார். பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் இது. புதிதாக ஒரு மனையை எழுதும்போது, அதே மனைக்கு முன்னால் எழுதப்பட்ட தாய்ப்பத்திரத்தை எடுத்து, அதில் உள்ள நான்கெல்லையை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும், பத்திரத்தில் மட்டும் கிழக்கில் உட்கார்ந்துகொண்டே இருப்பார். அதில் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. தப்பென்று தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. விற்றவரும் வாங்கியவரும் மறுபடி வந்து கையெழுத்துப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். மாமாவுக்கு அந்தப் பெயரே ஆகாது. “என் கையால எழுதின பத்திரத்துக்கு இதுவரைக்கும் ஒரு பிழைதிருத்தல் போட்டதில்ல” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தப் புத்தகத்தில் ஓடக்காரம்மாவும் உண்டு. வெள்ளாற்றின் தெற்குக் கரையில் ஒரு சின்னத் தெரு. அங்கே அவர் வீட்டுக்காரர் ஓடம் விட்டார். அவர் போனபிறகு இந்த அம்மா விட்டார். பாலம் வந்த பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மீன்கூடைக்காரர்களையும் அக்கரைக்குக் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தவர். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் ஆறு பொங்கியபோது, அந்தப் படகை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆட்களைக் கூரையிலிருந்து இறக்கினார். ஆடு, மாடு, ஒரு பிள்ளைத்தாய்ச்சி, ஒரு கிழவருடைய தையல் மிஷின், எதையும் விட்டுவைக்கவில்லை. மாமா அவரைக் கடைக்கே வரச்சொல்லி எதிரில் உட்காரவைத்துக் கேட்டு எழுதினார். அந்த அம்மாவின் வீட்டுமனைப் பத்திரத்தை எழுதியதும் மாமாதான், அவர் வீட்டுக்காரர் மனையை வாங்கியபோது. அதனால் கடைசி நாலு வரிக்கு யோசிக்கவே இல்லை. பழைய நகலை எடுத்தார், பார்த்து எழுதினார்: தெற்கில் ஆற்றங்கரை.

இந்த இடத்தில் எங்கள் சண்டையைச் சொல்லவேண்டும். கம்பவுண்டர் பாலம் கட்டுவதற்கு முன்பே மருந்துக்கடை வைத்தார் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். இன்னொரு பக்கத்தில் அதே கம்பவுண்டர் பாலம் கட்டிய வருஷத்தில் பிறந்தார் என்று இருந்தது. “மாமா, இவரு பொறக்கறதுக்கு முன்னாடியே ஊசி போட ஆரம்பிச்சுட்டாரு போல” என்றேன். சும்மா கிண்டலுக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு ரைட்டர்களும், பத்திரத்துக்கு வந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. ஸ்கேலை மேஜையில் ஓங்கி அடித்தார். “அடிக்கிறது உன் வேல. யோசிக்கிறது என் வேல. எழுதினத அப்படியே அடி.” அத்தனை பேர் முன்னால். எனக்குக் காது மடல் கொதித்தது. அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். இனிமேல் இவர் எழுதியதை அப்படியே அடிப்பேன், ஆற்றை மலையில் ஏற்றினாலும் அப்படியே அடிப்பேன் என்று. பத்து நாளைக்கு, சரி மாமா, ஆச்சு மாமா, இதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பத்து நாளுக்குள்தான் ஓடக்காரம்மாவைப் படம் எடுக்கப் போனேன். என் தம்பியின் டிஜிட்டல் கேமராவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவரைப் பற்றிய பக்கத்தையும் சரிபார்க்க எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். “நில்லு கண்ணு, மூஞ்சி கழுவிக்கிறேன்” என்று உள்ளே போனவர் வேறு புடவையில் வந்தார். வாசலில் நிறுத்தினேன். உடனே, “படகும் வரணும். படகு இல்லாம நான் இன்னா, எல்லாரையும் போல ஒரு கெழவி” என்றார். படகு வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவில் கவிழ்த்துவைத்திருந்தது, தார் பூசி. அதன் மூக்கு மட்டும் வீட்டுக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்து எடுக்க நான் பின்னால் நகர்ந்தேன், நகர்ந்தேன், முதுகுக்குப் பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. துள்ளிக் குதித்து ஓரம் போனேன். ஓடக்காரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நின்றது தெருவில், வீட்டின் தெற்குப் பக்கம். கரை, படகுக்குப் பின்னால், வடக்குப் பக்கத்தில் மேடாக எழுந்து நின்றது. கையில் இருந்த தாளில் தெற்கில் ஆற்றங்கரை என்று இருந்தது. தாளைப் பார்த்தேன், கரையைப் பார்த்தேன், மறுபடி தாளைப் பார்த்தேன்.

விசாரித்ததில் விஷயம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கரை இப்போது தெரு இருக்கிற இடத்தில்தான் இருந்ததாம். பிறகு ஆற்றுக்குக் கிட்டத்தில் புதுக்கரை போட்டு, பழைய கரையைத் தட்டித் தெருவாக்கிவிட்டார்கள். மனையை வாங்கும்போதே தெரு வந்தாகிவிட்டது. மாமா தாய்ப்பத்திரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். தாளின்படி ஓடக்காரம்மாவின் வீடு கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்குள் இருக்கிறது. எனக்குப் பத்திர பாஷை தெரியும், இது என்ன மாதிரியான தப்பு என்றும் தெரியும். திரும்பி வருகிற பஸ்ஸில், சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கடையில் நுழைந்ததும் அவர் தலை நிமிராமல், “போட்டோ வந்துச்சா? வச்சுட்டுப் போயி மிச்சத்த அடி” என்றார். அவ்வளவுதான். வாயில் வந்ததை முழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தெற்கில் ஆற்றங்கரை என்று அடித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடிக்கும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கடைசி புரூஃப் படித்த நாளில் அவர் கோபமெல்லாம் போயிருந்தது. எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். ஸ்கேலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே வந்து, முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எல்லாம் சரியா இருக்காம்மா?” என்று கேட்டார். கேட்டது மன்னிப்பு மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் மனசு இறங்கவில்லை. “நீங்க எழுதினபடியே இருக்கு மாமா” என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவர் தலையாட்டிவிட்டுத் தாள்கட்டைப் பையில் போட்டுக் கடலூருக்கு அச்சுக்கு எடுத்துப்போனார்.

புத்தக வெளியீடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஓடக்காரம்மா முதல் வரிசை. தன் படம் இருந்த பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம், “என் படகு பாரு, என் படகு பாரு” என்று காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி, அந்த மனையை அவர் வீட்டுக்காரருக்கு விற்ற புவனகிரிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். திடமாக இருந்தார், கலர் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் எழுந்துபோய் மாமாவின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த திங்கட்கிழமையே மூன்று பேரும் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வேலை முடிந்திருக்கும். நான் எழுந்துபோய்க் கேசரி வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த தை மாதம் அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

அதற்கும் பிறகுதான் நோட்டீஸ் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கரையை உயர்த்துகிற வேலை வந்தது. கரைக்கு ஆற்றுப் பக்கம் இருக்கிற வீடுகளைக் காலிசெய்யவேண்டும், நெடுஞ்சாலைக்கு அந்தாண்டை மாற்று இடம் தருவார்கள். அந்தத் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது, பத்திரம்தான். மற்றவர்கள் பத்திரத்தில் எல்லாம் தெற்கில் தெரு என்று இருந்தது. ஓடக்காரம்மா படிக்காதவர். ரைட்டர் எழுதிக்கொடுத்த பத்திரம் என்று பெருமையாக எடுத்து நீட்டியிருக்கிறார். அளக்க வந்தவர்கள் நல்லவர்கள்தான், “நேர்ல பாத்தா எங்களுக்கே தெரியுதும்மா, ஆனா தாள்ல இப்படி இருக்குதே. தாள மாத்திக் கொண்டாந்துடுங்க” என்றார்களாம். அந்த நோட்டீஸை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அவர் எங்கள் கடைக்கு வந்தார். “ரைட்டரே, நான் ஆத்துக்குள்ள இருக்கேனாமே?” என்றுதான் கேட்டார். கோபமில்லை, வேடிக்கையைச் சொல்வதுபோலத்தான் கேட்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்த வரியையே மறுபடி அடித்தேன்.

மாமா அன்றே கிளம்பினார். முட்டி வலி, வெயில், எதையும் பார்க்கவில்லை. நானும் கூடப் போனேன். அந்தத் தெருவின் நடுவில் நின்றார், தெற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் கரையில் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நூற்று நாற்பதாம் பக்கத்தை விரித்தார். நான் எடுத்த படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல், ஓடக்காரம்மா, படகின் மூக்கு, அதற்குப் பின்னால் கரை, எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. சிதம்பரம் வந்ததும் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சீட்டுக்கு வாசகம் சொன்னார். “நூற்று நாற்பதாம் பக்கத்தில் தெற்கில் ஆற்றங்கரை என்று இருப்பது தவறு. தெற்கில் தெரு. கரை வடக்கில் உள்ளது. நேரில் போய்ப் பார்க்காமல் எழுதியது என் பிழை.” அடித்து முடித்தேன். “வேற ஏதாவது சேக்கணுமாம்மா?” என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். “இல்ல மாமா.” “சரி. கீழ ஒரு வரிக்கு எடம் விட்டு எடு” என்றார். கையெழுத்துப் போடுவாராக்கும் என்று நினைத்தேன். அவர் போடவில்லை.

பத்திரத்தைத் திருத்துவதுதான் பெரும்பாடு. விற்றவர் செத்துவிட்டதால் அவர் பிள்ளைகள் கையெழுத்துப் போடவேண்டும். மகன் காடாம்புலியூரில் முந்திரித் தோப்போடு இருந்தார், மகள் மேல்பட்டாம்பாக்கத்தில். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. காடாம்புலியூருக்குப் போனால் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, பலாச்சுளை அரிந்து கொடுத்து, “எங்க அக்கா போட்டுச்சா? அது போடட்டும், அப்புறம் பாக்கலாம்” என்பார் மகன். மேல்பட்டாம்பாக்கம் போனால் மகள் காபி கொடுத்து, “அவன் போட்டானா? அவன் போடாம நான் ஏன் போடணும்?” என்பார். எத்தனை நடை என்று நான் எண்ணவில்லை. வாழ்நாளெல்லாம் மேஜையை விட்டு நகராத மனிதர், கையில் தண்ணீர் பாட்டிலும் முட்டிக்குத் தைலமும் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். கடைசியில் அவருடைய மூளைதான் வேலை செய்தது. முதல் பக்கத்தில் அக்காவின் பெயர் மேலே, இரண்டாம் பக்கத்தில் தம்பியின் பெயர் மேலே என்று எழுதினார். அவரவர் பெயர் மேலே இருக்கிற பக்கத்தை மட்டும் அவரவரிடம் காட்டினார். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து, பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பத்திரத்தில் பிழைக்குக் காரணம் எழுதவேண்டிய இடம் ஒன்று வரும். எல்லோரும் கைத்தவறுதலாக என்று எழுதிவிடுவார்கள், யார் கை என்று யாரும் கேட்பதில்லை. மாமா, ‘முன் பத்திரத்தை எழுதியவர் இடத்தைப் பார்வையிடாமல் எழுதியதால்’ என்று எழுதினார். கீழே தன் பெயர், தன் கையெழுத்து. மற்ற ரைட்டர்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். ஒருவர், “நாப்பது வருஷப் பேரை இப்படிக் கெடுத்துக்கணுமா?” என்றுகூடக் கேட்டார். மாமா ஸ்கேலை எடுத்து அந்த வரிக்கு அடியில் வைத்து இன்னொரு தரம் படித்தார். தட்டவில்லை.

இதற்கெல்லாம் எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் ஓடக்காரம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவைத்துக்கொண்டு, நாளைக்கா மறுநாளா என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மாற்று இடம் ஆற்றிலிருந்து வெகுதூரம். அங்கே படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு நாள் அக்கரையிலிருந்து வந்த ஆளிடம், எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டார். வீடு மிஞ்சிவிட்டது, இனி யாரும் காலிசெய்யச் சொல்லமாட்டார்கள் என்று நாங்கள் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, வீட்டுக்குப் பின்னால் கரைச் சரிவில் படகு கிடந்த இடத்தில் புல் வெளுத்து ஒரு படகு அளவுக்கு மஞ்சளாக இருந்தது. மாமா விசாரித்துக்கொண்டு அக்கரைக்குப் போனார். அந்த ஆள் படகைப் பிரித்து ஆட்டுக்கொட்டகைக்குப் பலகை அடித்திருந்தார். ஒரு பலகையில் தார் அப்படியே இருந்தது, அதில் ஒரு ஆட்டுக்குட்டி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு இரண்டு வருஷத்துக்கு மாமா சீட்டு ஒட்டுகிற வேலையைத்தான் செய்தார். விற்காமல் கிடந்த புத்தகங்களுக்கு ஒரு வாரம் போதும். கொடுத்துவிட்ட புத்தகங்களுக்கு வீடு வீடாகப் போனார், பையில் ஒரு கிண்ணம் மைதாப் பசையோடு. சில வீட்டில் புத்தகத்தைத் தேடியே அரைநாள் போகும், ஒரு வீட்டில் அதன்மேல் மாவுப் பானையை வைத்திருந்தார்கள். எனக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் ஒட்டவில்லை. சீட்டை உள்ளே வைத்து, “உன்னுத நீயே ஒட்டிக்கோ” என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கிழவருக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ‘தானே’ புயல் வந்த வருஷம், ஆடியில், காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மரஸ்கேலை அவர் வீட்டில் எனக்குத்தான் கொடுத்தார்கள்.

புயலுக்கு அடுத்த வாரம் ஓடக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். காடாம்புலியூர்க்காரரின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டன என்று வழியில் சொன்னார்கள். இந்த வீட்டில் ஓடு கொஞ்சம் பறந்திருந்தது, சுவர் நின்றது. அவர் வாசலில் உட்கார்ந்து ஈரப் பாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். எனக்கு அன்றைக்கே தெரியும், போட்டோ எடுத்த அன்றைக்கே, கோபத்தில் சொல்லாமல் விட்டேன், சொல்லியிருந்தால் உங்கள் படகு இருந்திருக்கும் என்று.

அவர் பாயை விரித்துவிட்டுத்தான் பேசினார். “தெரியும். பத்திரம் முடிஞ்ச அன்னிக்கே ரைட்டரு சொல்லிட்டாரு. போட்டோவுல கரை தெரியுது, அந்தப் பொண்ணு கண்ணுக்குத் தப்பியிருக்காது, நான் அது வாய அடைச்சேன், அது அடைச்சுக்கிச்சு, அத்த நீங்க கேட்டுறாதீங்கன்னாரு.” “அப்ப ஏன் நீங்க கேக்கல?” என்றேன். “கேட்டா படகு வந்துடுமா?” என்றார். கோபமாகத்தான் சொன்னார். அது எனக்கு நல்லதாக இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போனார். வீட்டுக்காரர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த புத்தகத்தை எடுத்துவந்து, நூற்று நாற்பதாம் பக்கத்தைத் தானே விரித்தார். சீட்டின் அடியில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். “இது இன்னா எடம், சும்மா கெடக்குதேன்னு அவரைக் கேட்டேன். ஒருத்தருக்கு வுட்டு வச்சிருக்கேன்னாரு. எழுது.”

கைப்பையில் பேனா இருந்தது. தெரிந்தே அடித்தது நான் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். படிக்கச் சொன்னார், படித்தேன். தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கி மறுபடி படத்துக்குப் பின்னால் செருகினார். “டீத்தூள் நனைஞ்சு போச்சு, வெந்நீர்தான் இருக்குது, குடிக்கிறியா?” என்று கேட்டார்.

அதற்கப்புறம் நானும் மாமா மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு வீடு, இரண்டு வீடு. பசை தேவையில்லை, பேனா போதும். எதற்கு வந்திருக்கிறாய் என்று சிலர் கேட்பார்கள், சொல்லுவேன். சிலர் கேட்கமாட்டார்கள், அவர்களிடமும் சொல்லுவேன். என் பிரதியில் இருக்கிற சீட்டிலும் அந்த வரியை எழுதிவிட்டேன், ஆனால் ஒட்டவில்லை. ஒட்டிவிட்டால் அது விழாது. விழாவிட்டால் நான் குனியமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். இன்று காலையிலும் விழுந்தது. ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் போய்விட்டது. அவருடைய மரஸ்கேலை உள்ளே விட்டுத் தள்ளித்தான் வெளியே எடுத்தேன்.